மூன்று வருஷமும் ஒரு கண்ணாடி மூடியும்

தேவகோட்டையில் இருக்கும் சிநேகிதி போன வாரம் போன் பண்ணினாள். "உன்கிட்ட இருக்கே அந்த வெள்ளைத் தையல் மெஷின், விலை குறைஞ்சிருக்குடி. 24,500 இருந்தது இப்ப 18,900. வாங்கிடட்டா?" கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் மெஷின் சர்வீஸிலிருந்து 2,350 ரூபாய் பில்லோடு திரும்பி வந்திருந்தது. "வாங்காதே" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு அது நியாயமான பதிலாகப் படவில்லை. அதனால் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். பாபின், அதாவது கீழ்நூல் சுற்றும் சின்ன உருளை, அதன் பேச்சு வரும்வரை அந்த நிதானம் இருக்கும்.

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் முன்னறையில் 11 வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட் பிடிப்பது, விடுவது, பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, சேலைக்கு ஃபால்ஸ், இதுதான் தொழில். புதுசு தைப்பதில்லை. கடந்த மூன்று வருஷமாகக் கூடவே இன்னொன்றும் செய்கிறேன். கண்டாங்கிச் சேலைத் துண்டுகளை வெட்டி, ஆத்தங்குடித் தரைக்கல்லில் இருக்கும் பூக்களைத் துணியில் அப்ளிக்காக, அதாவது ஒரு துணிமேல் இன்னொரு துணியை ஒட்டுப்போட்ட மாதிரி வைத்து, சுவரில் மாட்டும் படங்களாகத் தைக்கிறேன். அதற்காக வாங்கியதுதான் இந்த மெஷின்.

வேகம், எடை, எத்தனை தையல் என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. அறுபது சொச்சம் தையலில் நான் தொட்டது நாலு. மிச்சத்தில் வாத்து வரிசையாகப் போகிற தையல் ஒன்று இருக்கிறது. எந்தத் தையல்காரி கேட்டாள் என்று தெரியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, அறை அறையாகக் கலர் சிமென்டை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் சிவப்பு சிவப்பாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் அதது இடத்தில் நிற்கும். துணியில் அந்த அச்சுக்குப் பதில் எனக்கு இருப்பது நெருக்கி அடிக்கிற ஜிக்ஜாக்தான். அகலம் மூன்றரை மில்லிமீட்டர், நீளம் 0.4 வைத்தால் இந்த மெஷின் இதழின் ஓரத்தில் நூலை வெண்ணெய் மாதிரி இழுத்துப் பூசிக்கொண்டு போகும். வளைவில் ஊசியைத் துணிக்குள் நிறுத்தச் சொல்லி ஒரு பட்டன் இருக்கிறது. காலை எடுத்தால் ஊசி கீழேயே நிற்கும், துணியைத் திருப்பிக்கொண்டு மறுபடி மிதிக்கலாம். அந்த ஒரு பட்டனுக்காக 24,500 கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அம்மாவின் கால் மெஷினில் இதே இதழைப் போடுவதென்றால் சக்கரத்தைக் கையால் பிடித்து, மூச்சைப் பிடித்து, நாள் முழுக்க ஒரே பூ. அதிலும் ஜிக்ஜாக் கிடையாது, நேர்த்தையலைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்ட வேண்டும்.

சரி, இனி பாபின்.

இதில் பாபினை மேலிருந்து போட வேண்டும். அதற்குமேல் ஒரு கண்ணாடி மூடி. கண்ணாடி என்றால் பிளாஸ்டிக்தான், ஆனால் உள்ளே தெரியும். "கீழ்நூல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே தைக்கலாம்" என்று கடைக்காரர் மூடியைத் தட்டித் தட்டிக் காட்டினார். ஒரு கைக்குட்டை அளவுத் துணி வைத்துத் தைத்தும் காட்டினார். நானும் தலையாட்டிக்கொண்டு வாங்கி வந்தேன். நான் தைப்பது 5 அடிக்கு 3 அடிப் படம். அதை மெஷினில் ஏற்றினால் மூடி மட்டுமா, மேஜையே தெரியாது. வேலை நடக்கிற நேரத்தில் பார்க்க முடியாத ஜன்னல் எதற்கு? நூல் தீர்ந்தால் சொல்லும் வசதியும் இதில் இல்லை. துணியை அழுத்தும் பாதத்தை இறக்காமல் மிதித்தால் கீ கீ என்று கத்தும். காஜா நெம்புகோலை மறந்தால் கத்தும். கீழ்நூல் தீர்ந்தால் மட்டும் மௌன விரதம்.

அம்மாவின் மெஷினில் நூல் தீர்ந்தால் காதுக்குத் தெரியும். டக்டக் என்று போகிற சத்தம் லேசாகிவிடும், காலுக்கும் கனம் குறையும். இதில் மோட்டார் சத்தம் ஒரே சீர். நான் பாட்டுக்கு மிதித்துக்கொண்டே போவேன். கறுப்புக் கண்டாங்கியில் கறுப்பு நூல் வேறு. மேல்நூல் பிடிப்பில்லாமல் துணிமேல் படுத்துக் கிடப்பது கண்ணுக்குப் படாது.

ஒரு நாள் கடைக்கு வந்த ஆச்சி ஒருவர் தன் ஜாக்கெட்டுக்காகக் காத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். வயசு எண்பது இருக்கும், சின்ன வயசில் கிராஸ் ஸ்டிச் போட்ட கை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏ ஆத்தா, நூலே விழுகலையே, வெறும் ஓட்டையால்ல போட்டுக்கிட்டுப் போறே" என்றார். மேல்நூலை விரலால் இழுத்தேன். முக்கால் இதழுக்கு முழுசாகக் கையோடு வந்தது.

வெறும் சேலைத்துணி என்றால் ஊசி ஓட்டையை நகத்தால் தேய்த்து, தண்ணீர் தெளித்து, இஸ்திரி போட்டால் மூடிவிடும். கண்டாங்கி கெட்டியான பருத்தி, பொறுத்துக்கொள்ளும். ஆனால் அடியில் கேன்வாஸ் ஒட்டியிருந்தால் ஓட்டை அப்படியே நிற்கும். அதன்மேலேயேதான் மறுபடி ஜிக்ஜாக் போட வேண்டும். விட்ட இடமும் தொட்ட இடமும் சேருகிற இடத்தில் ஒரு முடிச்சு மாதிரி தடிக்கும். வாங்குகிறவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. எனக்கு வாசல்படியில் நின்றாலே தெரியும்.

இப்போது பூக்கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு பாபின் இரண்டு பூவுக்கு வரும், மூன்றாவதன் நடுவில் தீரும். அதனால் இரண்டு பூ முடிந்ததும் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் பாபினை மாற்றிவிடுவேன். மிஞ்சியது ஆல்டரேஷனுக்கு. இந்தக் கணக்கைக் கண்டுபிடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. மெஷினோடு வந்த புத்தகத்தில் கீழ்நூல் பற்றி ஆறு பக்கம் இருக்கிறது, இது ஒரு வரி இல்லை.

சர்வீஸுக்குப் போனதும் அதே இடத்துக் கோளாறால்தான். பாபின் உட்காரும் கூடு பிளாஸ்டிக். வளைந்த ஊசி ஒன்று அதில் குத்திச் சின்னக் கீறல் விழுந்துவிட்டது. கீறலில் நூல் மாட்டி, துணிக்கு அடியில் குருவிக்கூடு மாதிரி சுருண்டது. அந்தக் கூடு மட்டும் தனியாகக் கேட்டேன். மெஷினையே கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார்கள். 19 நாள். நூல் தீருவது தெரியவில்லையே என்று கேட்டதற்கு, "அது கம்ப்ளெய்ன்ட் இல்லைங்க மேடம், யூசேஜ்" என்றார் அங்கிருந்த தம்பி. நானும் அந்த வார்த்தையை இப்போது உபயோகிக்கிறேன். வீட்டில் சோறு குழைந்தால், யூசேஜ்.

பஞ்சு விஷயத்தில் தப்பு என் பேரில்தான், அதையும் சொல்ல வேண்டும். கைத்தறிப் பருத்தி பிசிறை உதிர்த்துக்கொண்டே இருக்கும். ஊசிக்குக் கீழே இருக்கும் பல் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் அடியில் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி மெத்தென்று படிந்திருக்கும். எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு அதுவே கெட்டிப்படும். முதல் வருஷம் நான் அதைக் கழற்றவே இல்லை. பெயின்ட் பிரஷால் எடுக்க வேண்டும், வாயால் ஊதக்கூடாது, ஈரம் உள்ளே போய்விடும். இப்போது நாலு பாபினுக்கு ஒரு தடவை சுத்தம்.

ஆல்டரேஷனுக்கு இது எப்படி என்றுதான் சிநேகிதி முக்கியமாகக் கேட்டாள். அவள் மகள் அந்தத் தொழில்தான் ஆரம்பிக்கப் போகிறாள். அதற்கு இது லாயக்கில்லை. ஜீன்ஸ் காலை மடித்தால் பக்கத் தையல் வருகிற இடத்தில் ஏழெட்டு மடிப்பு சேரும். அங்கே இது திணறி நின்றுவிடும். பாதத்துக்குப் பின்னால் துணியை மடித்து முட்டுக் கொடுத்தால் ஏறும், ஆனால் ஒவ்வொரு தடவையும் முட்டுக் கொடுக்க யாருக்கு நேரம்? கால் மெஷினில் 16 நம்பர் ஊசியைப் போட்டு, அந்த இடத்தில் மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றினால் தீர்ந்தது. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் போகும், அன்றைக்கும் கால் மெஷின் ஓடும். தை மாதத்திலும் ஆவணியிலும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து கல்யாணத்துக்கு வருகிறவர்கள் ஆறு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கொட்டி, "நாளைக்கு ராத்திரி ஃபிளைட்" என்பார்கள். பட்டு ஜாக்கெட்டைப் பிரித்துவிட்டால் பழைய ஊசித் தடம் போகாது, முதலிலேயே சொல்லிவிடுவேன். அந்த அவசரத்தில் பட்டனைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஒரு கணக்கு சொல்கிறேன், இது எனக்கே பிடிக்காத கணக்கு. மெஷின் சர்வீஸில் இருந்த 19 நாளில் கல்லாவில் விழுந்தது 14,300. அதற்கு முந்தைய 19 நாளில், மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது, 15,100. வித்தியாசம் 800 ரூபாய். ஒரு படம் தைக்க எட்டு நாள் ஆகும், விற்கிறபோது விற்கும். கானாடுகாத்தான் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சிலர் வாங்குவார்கள். 2019-இல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்கள் பெயர் சொல்லியே கேட்கிறார்கள். கேட்பார்கள், போட்டோ எடுப்பார்கள், போவார்கள். சோறு போடுவது ஜிப்பும் பேன்ட்டும்தான்.

ஆனால் அந்த 19 நாளும் நான் மனுஷியாக இல்லை. உதவிக்கு வரும் பெண் மூன்றாவது நாளே, "அக்கா, சர்வீஸ்காரங்களுக்கு ஒரு போன் போடுங்களேன்" என்று கெஞ்சினாள். வெட்டி வைத்த இதழ்கள் தாம்பாளத்தில் கிடந்தன. அரக்கு 16, மஞ்சள் 8. ஃபேன் காற்றில் பறந்து தரையெல்லாம் பூ. பொறுக்கிப் பொறுக்கி வைத்தேன்.

எனவே தீர்ப்பு: வாங்காதீர்கள். தொழில் ஆரம்பிக்கிறவர்கள் நல்ல கால் மெஷினாக ஒன்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். வேலை கூடினால் பவர் மெஷின் போடலாம். கண்ணாடி மூடியைத் தட்டிக் காட்டினால் ஒரு போர்வையைக் கொண்டுபோய் அதன்மேல் போட்டுவிட்டு, இப்போது காட்டுங்கள் என்று கேளுங்கள்.

18,900-க்கு இன்னும் ஸ்டாக் இருக்கிறதா என்று நேற்று நானும் விசாரித்தேன். ஒன்று சர்வீஸுக்குப் போனால் இன்னொன்று இருக்கட்டுமே என்றுதான். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

தேவகோட்டைக்காரி என் பேச்சைக் கேட்காமல் வாங்கிவிட்டாள். கூட எத்தனை பாபின் வருகிறது என்று கேட்டாள். நாலு. இன்னும் பதினாறு வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். இரும்பு வேண்டாம், பிளாஸ்டிக். உயரம் 11.5 மில்லிமீட்டர். 9.2 உயரத்திலும் கடையில் கொடுப்பார்கள், பார்த்தால் ஒன்று போலவே இருக்கும், அதைப் போட்டால் கூட்டுக்குள் ஆடும். ஒன்றை மாதிரிக்குக் கையில் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.