மண்டபமா, ரிசார்ட்டா, கோயிலா? கல்யாணத்துக்கு இடம் பார்க்கும் முன்

தேதி குறித்த மறுநாளே வீட்டில் அடுத்த பேச்சு தொடங்கிவிடும்: எங்கே வைப்பது? பெண் வீட்டார் ஒரு மண்டபத்தைச் சொல்வார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டைச் சொல்வார்கள். தாத்தா, "வடபழநியில் தாலி கட்டிவிட்டு வந்து சாப்பாடு போட்டால் போதாதா?" என்பார். மூன்றுமே நல்ல யோசனைதான். எது நம் வீட்டுக்குப் பொருந்தும் என்பதை மேடையையும் வாசல் அலங்காரத்தையும் பார்த்து முடிவு செய்ய முடியாது. வருகிறவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடப் போகிறார்கள், தாலி எத்தனை மணிக்கு, ராத்திரி யார் எங்கே படுப்பார்கள்? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் இடம் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும் என்பது என் கருத்து.

பந்தியிலிருந்து தொடங்குங்கள்

மண்டபம் பார்க்கப் போனால் மேனேஜர் முதலில் மேடை விளக்குகளை எல்லாம் போட்டுக் காட்டுவார். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நேராகச் சாப்பாட்டு ஹாலுக்குப் போய் இருக்கைகளை எண்ணுங்கள். மேல் ஹாலில் 800 பேர் உட்காரலாம் என்று சொல்லும் மண்டபத்தில் சாப்பிட 150 இருக்கைதான் இருக்கும். ரிசப்ஷனுக்கு 500 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். இலை போட்டு, பரிமாறி, சாப்பிட்டு முடித்து, எடுத்துத் துடைத்து, அடுத்த பந்திக்குத் தயாராக 40 நிமிஷமாவது ஆகும். 500 பேருக்கு நான்கு பந்தி, அதாவது 2 மணி 40 நிமிஷம்.

ஆனால் கூட்டம் அப்படிப் பிரித்துப் பிரித்து வராது. வேலை முடிந்து வருகிறவர்கள் எட்டு மணியை ஒட்டி மொத்தமாக வந்து இறங்குவார்கள். சாப்பிடுகிறவர் ரசத்துக்கு வரும்போதே அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் நிற்பார். குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் ஒரு பெண், எழப்போகிற மூன்று பேரையும் பார்த்துப் பார்த்து இடம் பிடிக்கத் தயாராக இருப்பார். பின்னால் ஆள் நிற்பது தெரிந்ததும் பாயசத்தை விட்டுவிட்டு எழுகிறவர்கள் உண்டு. நேரில் போய்ப் பத்திரிகை வைத்து அழைத்தவர்களுக்கு இப்படி ஒரு சாப்பாடு போடக் கூடாது. அதே 500 பேருக்கு 250 இருக்கை உள்ள ஹால் கிடைத்தால் இரண்டே பந்தியில் நிம்மதியாக முடிந்துவிடும். மேல் ஹால் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அங்கே நிற்கலாம், வெளியே வந்து பேசிக்கொண்டிருக்கலாம், பந்தியில் அது முடியாது.

ஓட்டலிலும் ரிசார்ட்டிலும் பந்திப் பிரச்சினை இல்லை, பெரும்பாலும் பஃபே. இளைஞர்களுக்கு வசதி. ஆனால் ஒரு கையில் தட்டு, ஒரு கையில் தண்ணீர் பாட்டில், தோளில் பட்டுப் புடவை முந்தானை என்று நிற்கும் எழுபது வயது அத்தைக்கு அது சாப்பாடே இல்லை. பஃபே வைத்தாலும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்காவது மேஜை நாற்காலி போடச் சொல்லி, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு பந்தி இலை போட்டுத் தருவீர்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

மண்டபத்துக்கு இரண்டாம் முறை போகும்போது உங்கள் சமையல்காரரையும் கூட்டிப் போங்கள். நம் கண்ணுக்குப் படாததெல்லாம் அவர் கண்ணில் படும். தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரிது, லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருக்குமா, கழிவு நீர் தேங்காமல் ஓடுகிறதா, காய்கறி இறக்க எந்த வழி என்று பார்ப்பார். சமையல் கீழே, பந்தி மாடியில் என்றால் சாம்பார் தூக்கும் ஆட்கள் கூடுதலாக வேண்டும். படியில் சிந்தினால் வழுக்கும். கை கழுவும் குழாய்களையும் எண்ணிவிடுங்கள். 200 பேர் ஒன்றாக எழும் பந்திக்கு நான்கு குழாய் போதாது.

வாடகை வேறு, செலவு வேறு

மண்டபத்தின் வாடகை என்று சொல்லப்படும் தொகை கடைசிப் பில்லில் இருக்காது. வாடகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. இரண்டு லட்சம் வாடகை என்றால் 36,000 ரூபாய் கூடுதல். அதற்கு மேல் மின்சாரம் மீட்டர் யூனிட் கணக்கில், ஜெனரேட்டர் மணிக் கணக்கில், துப்புரவு தனி, பாத்திரம் தனி, சில இடங்களில் வாட்ச்மேனுக்கும் தனி. ஏ.சி. ஹால் என்று சொல்வார்கள். எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டால்தான் தெரியும். வெளியிலிருந்து அலங்காரக்காரரையோ சமையல்காரரையோ கூட்டிவந்தால் 'ராயல்டி' என்று ஒரு தொகை கேட்கும் மண்டபங்கள் சென்னையில் நிறைய. அந்தத் தொகை தெரியாமல் இரண்டு மண்டபங்களின் வாடகையை ஒப்பிடுவதில் பயனே இல்லை.

ஓட்டல் கணக்கு வேறு மாதிரி. வாடகை பெரும்பாலும் சாப்பாட்டு விலைக்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு ஆளுக்கு இவ்வளவு, குறைந்தது இத்தனை ஆளுக்குப் பணம் கட்டியாக வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். ஆளுக்கு 1,200 ரூபாய், குறைந்தது 300 பேர் என்று எழுதியிருந்து 220 பேர் வந்தாலும் 300 பேருக்கான பணம் போய்விடும். எதிர்பார்த்ததைவிட 100 பேர் கூடினால் 1,20,000 ரூபாய் கூடும். மண்டபத்தில் அதே 100 பேர் கூடினால் இன்னொரு மூட்டை அரிசி, இன்னும் கொஞ்சம் காய்கறி, இலை, சமாளித்துவிடலாம். நம் கல்யாணங்களில் வருகிறவர் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லவே முடியாது. ஒரு பத்திரிகைக்கு இரண்டு பேரும் வரலாம், ஆறு பேரும் வரலாம். எண்ணிக்கை உறுதியாகத் தெரியாத குடும்பம் ஓட்டல் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. 150 பேர்தான், பெயர் பெயராகத் தெரியும் என்றால் ஓட்டல் உண்மையிலேயே நிம்மதி. சமையல், பாத்திரம், துடைப்பம் வரை எதைப் பற்றியும் பெண்ணின் அப்பா கவலைப்பட வேண்டியதில்லை. அந்த நிம்மதிக்கு ஒரு விலை கொடுப்பதில் தப்பே இல்லை.

எத்தனை மணி முகூர்த்தம்?

இதைக் கேட்காமலே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். மண்டபம் பொதுவாக முதல் நாள் மதியத்திலிருந்து மறுநாள் மதியம் வரை நம் கையில் இருக்கும். மாப்பிள்ளை அழைப்பு, நிச்சயதார்த்தம், ரிசப்ஷன் எல்லாம் முதல் நாள் மாலை, காலையில் முகூர்த்தம். நாலரை–ஆறு முகூர்த்தம் என்றால் பெண் இரண்டரைக்கே எழுந்து தயாராக வேண்டும். வெளியூர் சொந்தங்கள் ராத்திரி அங்கேயே தங்க வேண்டும். அப்போது மணமேடையைவிட அறைகளும் கழிவறைகளும்தான் முக்கியம். மாடியில் எட்டு அறை, இரண்டு பொதுக் கழிவறை என்றிருக்கும் மண்டபத்தில் விடியற்காலை வரிசையை நினைத்துப் பாருங்கள். ஒன்பது–பத்தரை முகூர்த்தம் என்றால் உள்ளூர்க்காரர்கள் வீட்டிலிருந்தே வந்துவிடுவார்கள். அறை குறைவாக இருந்தாலும் போதும்.

ரிசார்ட்டில் அறைக்குக் குறைவில்லை. ஆனால் பல இடங்களில் மதியம் இரண்டு மணிக்குத்தான் அறை கிடைக்கும், மறுநாள் பதினொன்றுக்குக் காலி செய்ய வேண்டும். முகூர்த்தம் முடிந்து, நலங்கு முடிந்து, சாப்பிட்டு எழுவதற்குள் அந்த நேரம் தாண்டிவிடும். பாதிக் கல்யாணத்தில் பெட்டியைக் கட்டச் சொல்லும் நிலை வரக் கூடாது. முன்கூட்டியே பேசினால் இரண்டு மணி நேரம் நீட்டித் தருவார்கள்.

கடற்கரையோரப் புல்வெளிக் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று மழை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்குப் போட்டி அதிகம். அதுவே வடகிழக்குப் பருவமழைக் காலம். மழை வந்தால் மாறிக்கொள்ள அதே இடத்தில் மூடிய ஹால் ஒன்று நம் பெயரில் இருக்க வேண்டும். இன்னொன்று ஒலி. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மூடிய ஹாலுக்குள் அந்தத் தடை இல்லை. ஆகவே நாலரை மணி முகூர்த்தத்துக்கு மைக் வைத்து நாதஸ்வரம் வேண்டும் என்றால் புல்வெளி ஒத்துவராது.

ஹோமம் வளர்க்கிறவர்கள் ஓட்டலில் தனியாகக் கேட்டே ஆக வேண்டும். புகை பட்டால் அலறும் கருவிகள் கூரையில் இருக்கும். சின்னக் குண்டம், இவ்வளவு நேரம், இந்த மூலையில் என்று நிபந்தனை போடுவார்கள். சாஸ்திரிகளிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வெளியேறும் வழி

2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகாவது நாம் இடம் பார்க்கும்போது வாசலை எண்ணியிருக்க வேண்டும். இன்றும் யாரும் எண்ணுவதில்லை. ஹாலிலிருந்து வெளியேற எத்தனை வழி, இரண்டாவது மாடிப்படி எங்கே, அந்தக் கதவு அன்றைக்குப் பூட்டியிருக்குமா, அதன் முன்னால் நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்களா என்று நடந்து பாருங்கள். வீடியோ விளக்குக்கும் அலங்கார விளக்குக்கும் இழுக்கும் வயர், துணிக்கும் காய்ந்த கீற்றுக்கும் மேலே போகக் கூடாது. மண்டபமோ, ரிசார்ட்டோ, வீட்டு வாசல் பந்தலோ, இந்த ஒரு விஷயத்தில் எதற்கும் சலுகை கிடையாது. இரண்டாவது வழி இல்லாத மாடி ஹாலை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கோயில்

திருப்பரங்குன்றம் முருகன் தெய்வானையை மணந்த தலம். அங்கே தாலி கட்ட வேண்டும் என்பது மதுரைப் பக்கத்துப் பல குடும்பங்களின் வேண்டுதல். சென்னையில் வடபழநி, கோவையில் மருதமலை, திருச்சியில் வயலூர் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று உண்டு. செலவு மிகக் குறைவு, மனசுக்கு நிறைவு அதிகம். ஆனால் பெரிய முகூர்த்த நாளில் வரிசையாக எத்தனையோ ஜோடிகள் காத்திருப்பார்கள். நமக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். பக்கத்து ஜோடியின் கெட்டி மேளமும் நம்முடையதும் கலந்து கேட்கும். சுற்றி நிற்கும் இருபது முப்பது பேர்தான் தாலி கட்டுவதைப் பார்க்க முடியும்.

வயதுச் சான்று, முகவரிச் சான்று, முதல் திருமணம்தான் என்பதற்கான சான்று என்று கோயில் அலுவலகம் கேட்கும். இது கோயிலுக்குக் கோயில் கொஞ்சம் மாறும், ஆகவே ஒரு மாதம் முன்பே நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். கோயில் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணம் எங்கே நடந்தாலும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அப்போது அது உதவும்.

கோயிலும் வேண்டாம், புரோகிதரும் வேண்டாம் என்கிறவர்களுக்கு இடம் ஒரு தடையே இல்லை. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவின்படி, சொந்தங்கள், நண்பர்கள் முன்னால் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலே போதும். அது செல்லுபடியாகும் திருமணம். அப்படிப்பட்ட கல்யாணத்துக்கு மாநகராட்சியின் சமுதாய நலக்கூடமே தாராளம். வாடகை குறைவு. சுத்தமும் தண்ணீரும் எப்படி என்பதை மட்டும் முந்தின வாரம் போய்ப் பார்த்துவிடுங்கள்.

வீட்டு வாசலில் பந்தல் போடுவது கிராமத்தில் இன்னும் அழகு. செட்டிநாட்டில் பூர்வீக வீட்டிலேயே கல்யாணம் நடத்தும் நகரத்தார் குடும்பங்கள் இன்றும் உண்டு. அந்த வீடுகளின் முற்றமும் வளவும் அதற்குத் தோதானவை. நகரத்தில் தெருவை அடைத்துப் பந்தல் போடுவது அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு, ஆம்புலன்ஸ் வர வழியிருக்காது. நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இரண்டையும் சேர்த்தால்

400, 500 பேரை அழைக்கும் நடுத்தரக் குடும்பம் என்னிடம் கேட்டால், தாலி கோயிலில், சாப்பாடு நடந்துபோகும் தூரத்தில் ஒரு நடுத்தர மண்டபத்தில் என்றுதான் சொல்வேன். மேடை அலங்காரத்தில் மிச்சமாகும் பணத்தைப் பந்திக்குப் போடலாம். சர்ச்சில் கல்யாணம் செய்கிறவர்கள் காலங்காலமாக இப்படித்தான் செய்கிறார்கள். ஜெபம் ஓரிடம், விருந்து இன்னோரிடம். தூரம் இரண்டு கிலோமீட்டரைத் தாண்டினால் வேன் வேண்டும். தாலி கட்டியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நுழையும் நேரம் ராகுகாலத்தில் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அதைப் பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். கோயிலுக்கு வராமல் நேராக மண்டபத்துக்கு வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்க வீட்டு ஆள் இரண்டு பேரை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் அன்று ரசீதில் தேதியோடு மணியையும் எழுதி வாங்குங்கள். எத்தனை மணிக்குச் சாவி, எத்தனை மணிக்குக் காலி, எத்தனை இருக்கை, என்னென்ன தனிக் கட்டணம், தேதி மாறினால் பணம் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 2020-ல் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு வந்தபோது, கையில் ஒன்றும் எழுத்தில் இல்லாதவர்களுக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க வழியில்லாமல் போனது.