மலையக கிளினிக்கில் லூபஸ்: எந்த அளவுகோல் கைகொடுக்கும்?

லூபஸ் என்பது உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் நோய். அது எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்று புள்ளி போட்டு அளக்கும் நான்கு அளவுகோல்களைப் பார்ப்போம். மூட்டுவாத நிபுணரைப் பார்க்கக் கண்டிக்கு பஸ் ஏற வேண்டிய ஊர்களில் அவற்றில் ஒன்றான பைலாக்-2004ஐ முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 97 அம்சங்கள், பயிற்சி இல்லாதவர் கையில் தரம் தடுமாறும். வைத்தியரே ஒட்டுமொத்தமாக மதிப்பிட்டு 0 முதல் 3 வரை போடும் பிஜிஏ, ஒரே வைத்தியர் தொடர்ந்து பார்த்தால் சரி. இடமாற்றம் வந்தால் ஒருவரின் 1 இன்னொருவருக்கு 2. மிச்சம் இரண்டு.

ஸ்லெடாய்-2கே: 24 அம்சங்கள், உச்சம் 105. வலிப்புக்கு 8, மூட்டழற்சிக்கு 4, தோல் தடிப்புக்கு 2. சி3/சி4 (இரத்தத்திலுள்ள நோயெதிர்ப்புப் புரதங்கள்) குறைவுக்கும் டிஎன்ஏவைத் தாக்கும் எதிர்ப்பொருளுக்கும் தலா 2. பரிசோதனை செய்ய வழியில்லாமல் இவற்றுக்கு 0 போட்டால், கண்டியில் 8 எடுத்தவர் இங்கே 4 எடுப்பார். நோய் தணிந்ததுபோல் தெரியும். அந்த இரண்டு அம்சங்களையும் இரு பக்கமும் விட்டுவிட்டே ஒப்பிட வேண்டும். இன்னொரு ஓட்டை: குருதிச் சிறுதட்டு 90,000 என்றாலும் 9,000 என்றாலும் 1 புள்ளிதான். செங்குழியச் சிதைவுக்குப் புள்ளியே இல்லை.

மெக்ஸ்-ஸ்லெடாய்: 10 தொகுதிகள், உச்சம் 32. எதிர்ப்பொருள் பரிசோதனை தேவையில்லை. சிறுநீரகத்துக்கு 6, செங்குழியச் சிதைவு அல்லது சிறுதட்டுக் குறைவுக்கு 3. நம் கிளினிக்குக்கு இதுவே பொருத்தம். ஆனால் களைப்புக்கும் 1 புள்ளி உண்டு. நாள் முழுக்க மலைச்சரிவில் கொழுந்து எடுத்தவருக்குக் களைப்பு இல்லாமல் இருக்குமா? இரும்புச்சத்துக் குறைவால் ஹீமோகுளோபின் இறங்கியதைச் சிதைவாக எண்ணவும் கூடாது. ரெட்டிகியூலோசைட் (இளம் செங்குழியம்) அளவைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டுமே சறுக்குவது சிறுநீரில்தான். எடுத்து இரண்டு மணிநேரத்துக்குள் நுணுக்குக்காட்டியில் பார்க்காவிட்டால் காஸ்ட் (சிறுநீரக நுண்குழாய்களில் உருவாகும் அச்சுகள்) கரைந்துவிடும். தோட்டத்தில் காலையில் எடுத்த போத்தல் மதியம் ஆய்வுகூடம் சேர்ந்தால் ‘இல்லை’ என்றே அறிக்கை வரும். ஆகவே கிளினிக்கிலேயே எடுக்கச் சொல்லுங்கள். டிப்ஸ்டிக்கில் (சிறுநீரில் தோய்க்கும் சோதனைப் பட்டை) புரதம் 1+ வந்தால் புரதம்–கிரியேட்டினின் விகிதம் அனுப்புங்கள், 0.5க்கு மேல் என்றால் பொருட்படுத்த வேண்டும். மாதவிடாய் நாளில் இரத்தத்தையும், தொற்று இருக்கும்போது சீழ்க்கலங்களையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

காய்ச்சலோடு வெண்குழியமும் சிறுதட்டும் குறைந்தால் டெங்கு, எலிக்காய்ச்சல் பார்த்துவிட்டே லூபஸுக்குப் புள்ளி போடுங்கள். முந்திக்கொண்டு ஸ்டீராய்டைக் கூட்டினால் தொற்று முற்றும்.

வலிப்பு, மனக்குழப்பம், கிரியேட்டினின் ஏற்றம், மூச்சுத்திணறல், இரத்தப்போக்கு: இவற்றில் ஒன்று வந்தாலும் கூட்டுத்தொகை பார்க்காமல் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். கிளினிக் கொப்பியில் மொத்தம் 7 என்று மட்டும் எழுதாமல், எந்த அம்சத்துக்கு எத்தனை, எந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை என்றும் எழுதுங்கள். அடுத்த மாதம் பார்ப்பவர் வேறு வைத்தியராக இருக்கலாம்.