காப்பகத்துக்கு அரசுப் பணம்: தலைக்கு இவ்வளவா, மொத்தமாகவா?

குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்கான சிறிய காப்பகம் ஒன்றில் கணக்கு வழக்கு என் பொறுப்பு. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இரண்டு வழி காட்டினார்கள். தங்குபவருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கு. அல்லது, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு இவ்வளவு என்று மொத்த மானியம். பழைய தலைக்கணக்கை விட்டுவிட்டு மானியத்துக்குக் கையெழுத்துப் போட்டோம்.

தலைக்கணக்கில் வசதியே இல்லை என்று சொல்ல மாட்டேன். கூட்டம் கூடினால் பணமும் கூடும், தணிக்கையில் காட்டுவதும் சுலபம். அவ்வளவுதான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது காலிப் படுக்கை. ராத்திரி இரண்டு மணிக்கு இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி வந்து மணி அடித்தால் இடம் இருக்க வேண்டும். அதற்கு ஓர் அறையாவது எப்போதும் காலியாகக் கிடக்க வேண்டும். மடித்த போர்வையும் பிரிக்காத பால்மாவு டப்பாவுமாக அது காத்திருக்கும். வாடகையும் இரவுப் பணியாளர் சம்பளமும் அதற்காகக் குறையாது. ஆனால் தலைக்கணக்கில் அந்த அறைக்குப் பூஜ்யம். அந்த நாட்களில், வேறு வீடு கிடைத்துவிட்ட ஒருவரிடம், "மாசக் கடைசி வரைக்கும் இருந்துட்டுப் போங்களேம்மா" என்று நானே சொல்லியிருக்கிறேன். அது அக்கறை இல்லை, பதிவேட்டுக் கவலை என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

ஜெர்மனியில் பல மாநிலங்களில் தலைக்கு நாள் கணக்குதான்; அந்தக் கட்டணம் தங்குபவர் பெயரில் விழும். அரசு உதவித்தொகை பெறாத மாணவியோ வேலைக்குப் போகிறவளோ, தங்கும் செலவைத் தன் கையிலிருந்தே கட்ட நேர்கிறது. 2025இல் அங்கே நிறைவேறிய சட்டம், 2032 முதல் கட்டணமில்லாப் பாதுகாப்பை உரிமையாக்குகிறது.

மானியம் என்றாலும் பணம் எங்கிருந்து ஊறுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1984இல் தொடங்கிய, இப்படிப்பட்ட காப்பகங்களுக்கும் உதவும் குற்றப் பாதிப்பாளர் நிதி வரிப்பணம் அல்ல, குற்றவாளிகள் கட்டும் அபராதம். அபராத வரவு குறைந்ததும் நிதி சரிந்தது. 2021இல் சட்டத்தைத் திருத்தி வேறொரு வரவையும் சேர்க்க வேண்டியதாயிற்று.

எப்போதும் நிரம்பியிருக்கும் பெரிய காப்பகங்களுக்குத் தலைக்கணக்கு கட்டுபடியாகலாம். எனக்கு அந்த அனுபவம் இல்லை. மானியத்திலும் எங்களுக்கு இது முதல் வருடம்தான். விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் தொகையை உயர்த்தும் பிரிவை எழுதி வாங்கியிருக்கிறோம். அது கைக்கு வருமா என்பது அடுத்த தவணையில் தெரியும்.