பத்துச் சேனல் கச்சேரியும் மூன்று மென்பொருள்களும்

மார்கழிக் கச்சேரியைப் பதிவு செய்து கொண்டுவந்தால் என் மேசைக்கு வருவது பெரும்பாலும் ஒரே ஒரு வேவ் கோப்புதான். அதற்குள் பத்துச் சேனல்கள், அதாவது பத்துத் தனித்தனி ஒலித் தடங்கள், இருக்கும். ஜூம் எஃப்8 போன்ற எட்டு உள்ளீட்டு ரெக்கார்டர்கள் முதல் இரண்டு சேனல்களில் இடம், வலம் என்று கலந்த ஒலியை வைத்துவிட்டு, மூன்று முதல் பத்து வரை ஒவ்வொரு மைக்கையும் தனியாகப் பதிந்து தருகின்றன. மூன்றாவதிலிருந்து எங்கள் வரிசை இது: பாட்டு, வயலின், மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை, இடப்பக்கமான தொப்பி, கடம், தம்புரா, கடைசியில் ரசிகர்கள் பக்கம் இரண்டு மைக்.

இதை வீடியோவோடு சேர்த்து வெட்ட எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பத்தை எப்படிப் பிரிப்பது என்பதை எப்போது முடிவு செய்யப்போகிறீர்கள்? பிரீமியர் புரோ அதை வாசலிலேயே கேட்டுவிடுகிறது. டாவின்சி ரிசால்வ் நடுவில் மாற்றிக்கொண்டாலும் கோபிப்பதில்லை. ஃபைனல் கட் புரோவுக்கோ சேனலின் எண்ணைவிட அதில் இருப்பது யார் என்பதே முக்கியம்.

பிரீமியரின் விருப்ப அமைப்புகளில் பலசேனல் கோப்புகளை எப்படி ஏற்பது என்று ஒரு வரி இருக்கிறது. மோனோ (ஒற்றைச் சேனல்) என்று வைத்தால் பத்துத் துண்டுகளாகப் பத்து டிராக்கில், அதாவது வெட்டும் திரையின் பத்து வரிசைகளில், இறங்கும். அடாப்டிவ் (பல சேனல்களை ஏற்கும் வகை) என்று வைத்தால் பத்தும் ஒரே டிராக்கில் அடங்கும். மறந்துவிட்டால், கிளிப்பை (அந்த ஒலித் துண்டை) டைம்லைனில், அதாவது வெட்டி அடுக்கும் காலக்கோட்டில், வைக்கும் முன் ஷிஃப்ட்+ஜி அழுத்தித் திருத்திக்கொள்ளலாம். வைத்த பிறகு திருத்தினால், ஏற்கெனவே வெட்டிய துண்டுகளுக்கு அது போய்ச் சேராது. பந்தியில் பாதி சாப்பிட்ட பிறகு இலையை மாற்றிப் போடச் சொல்வது போலத்தான். டிராக்கின் வகையும் உருவாக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. ஆனால் ஸ்டாண்டர்டு டிராக் மோனோ, ஸ்டீரியோ இரண்டையும் ஒரே வரிசையில் ஏற்றுக்கொள்ளும். பேட்டி, செய்தித் தொகுப்பு போன்ற அவசர வேலைகளில் இது பெரிய சௌகரியம்.

இந்த இடத்தில் நான் ஒரு முறை வசமாக மாட்டியிருக்கிறேன். தவறு முழுக்க என்னுடையது. இரண்டு மணி நேரக் கச்சேரியை முதல் இரண்டு சேனல்களை மட்டும் கேட்டபடி வெட்டி முடித்துவிட்டேன். அந்தக் கலவை அரங்குக்காகச் செய்தது. முன்வரிசையில் மிருதங்கம் நேராகவே கேட்கும் என்பதால், தொப்பியை அதில் ஏறக்குறைய விட்டேவிட்டிருந்தார்கள். இயர்போனில் கேட்டால் வலந்தலை மட்டும் தனியாக டக்டக் என்கிறது. ஆறாவது சேனலைத் தேடிப் போனால், அது டைம்லைனுக்கே வரவில்லை. ஒவ்வொரு வெட்டின் கீழும் அதைப் பொருத்தி வைக்க ஓர் இரவு முழுவதும் போயிற்று.

ரிசால்விலும் இதே பள்ளம் உண்டு. பத்துச் சேனல் கிளிப்பை ஸ்டீரியோ டிராக்கில் போட்டால் முதல் இரண்டு மட்டுமே ஒலிக்கும். மற்ற எட்டும் வாய் திறக்காது. ஆனால் பள்ளத்திலிருந்து ஏறும் வழி எளிது. டிராக்கின் தலைப்பில் வலது சொடுக்கி அதன் வகையைப் பத்துச் சேனல் அடாப்டிவ் என்று மாற்றினால் எல்லாம் வந்துவிடும். டைம்லைனில் இருக்கும் கிளிப்பின் ஒலி அமைப்பையும் அங்கேயே திறந்து மாற்றலாம். கேமராவோடு ஒத்திசைக்கும்போது, ரெக்கார்டரின் சேனல்களைக் கேமரா ஒலிக்குப் பதிலாக வைக்காமல் அதன் பின்னால் சேர்க்கும் வழியும் இருக்கிறது. கேமராவின் மைக் எத்தனை மட்டமானதாக இருந்தாலும், சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

ரிசால்வுக்கு ஒலியில் இவ்வளவு பிடிமானம் இருப்பதற்கு ஒரு வம்சாவளிக் காரணம் உண்டு. 1979-இல் கணினி இசைக்கருவியை உருவாக்கிய சிட்னி நகரத்து ஃபேர்லைட் நிறுவனத்தை, ரிசால்வைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் 2016-இல் வாங்கியது. அடுத்த ஆண்டு வந்த 14-ஆம் பதிப்பில் ஃபேர்லைட் ஒரு தனிப் பக்கமாக உள்ளே குடியேறியது. வெட்டிய டைம்லைனை அப்படியே ஒலிக்கூடத்துக்குள் திறப்பது போல இருக்கும். இலவசப் பதிப்பிலும் அந்தப் பக்கம் இருக்கிறது.

ஃபைனல் கட் வேறு ஜாதி. 2011-இல் புதிய வடிவில் வந்தபோது டிராக் என்பதையே தூக்கி எறிந்திருந்தார்கள். தொழிலில் இருந்தவர்கள் கொதித்தார்கள். அதே ஆண்டில் ‘ரோல்’ என்ற முறை வந்தது. இது பேச்சு, இது இசை, இது கடம் என்று அடையாளம் ஒட்டிவிட்டால், அந்த அடையாளத்தின்படி வரிசையாக்கிக் கொடுக்கும். ரெக்கார்டரிலேயே சேனலுக்குப் பெயர் கொடுத்திருந்தால், கோப்பில் பதிந்த அந்தப் பெயரையும் இறக்குமதியின்போது எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். பத்துச் சேனலும் ஒரே கிளிப்பாக மடங்கிக் கிடக்கும். வேண்டும்போது விரித்துப் பார்க்கலாம். எந்தச் சேனல் வேண்டும், எது வேண்டாம் என்பதை எந்த நேரத்திலும் மாற்றலாம்.

இதன் அருமை, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் தெரியும். பாடகர் தொடையில் தாளம் போடுகிறார், தண்ணீர் குடிக்கிறார், தொண்டையைச் செருமுகிறார். அத்தனையும் பாட்டு மைக்கில் விழுகிறது. கிளிப்பை விரித்து, பாட்டுச் சேனலில் அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து ‘வி’ விசையை அழுத்தினால் அந்த மைக் அங்கே மௌனமாகும். வெட்ட வேண்டியதில்லை. இவ்வளவு இருந்தும், எல்லாச் சேனல்களின் ஒலி அளவையும் ஒரே இடத்தில் காட்டும் மிக்ஸர் ஒன்று ஃபைனல் கட்டில் கிடையாது. பத்து மைக்கின் அளவையும் கண்ணால் ஒரே வரிசையில் பார்த்துச் சரிசெய்து பழகியவனுக்கு இது ஒரு கை இல்லாதது போலத்தான்.

ரசிகர் மைக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி எடுக்கிறது. மேடையிலிருந்து பத்து மீட்டர் தள்ளி மைக் வைத்தால் 30 மில்லி விநாடி தாமதம். அப்படியே கலந்தால் கடத்தின் ஒவ்வொரு அடிக்கும் வால் முளைக்கும். 25 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லி விநாடி. ஆகவே ஒரு ஃபிரேம் நகர்த்தினால் இலக்கைத் தாண்டிவிடும், நகர்த்தாவிட்டால் எட்டாது. ஃபைனல் கட் ஒரு ஃபிரேமை எண்பதாகப் பிரித்து, அரை மில்லி விநாடி வரை இறங்குகிறது. பிரீமியரில் டைம்லைனை ஒலி அலகுக்கு மாற்றிக்கொண்டும், ரிசால்வில் ஃபேர்லைட் பக்கத்துக்குப் போயும் இன்னும் நுணுக்கமாக நகர்த்தலாம். மூன்றிலும் முடியும், ஆனால் வழக்கமான வெட்டும் பழக்கத்திலேயே இருந்தால் மூன்றிலும் கோட்டைவிடுவோம்.

கலவையை புரோ டூல்ஸ் என்ற ஒலி மென்பொருளில் வேறொருவர் செய்வதாக இருந்தால் கணக்கு மாறுகிறது. வெட்டிய டைம்லைனை அங்கே கொண்டுசெல்லும் ஏஏஎஃப் கோப்பை பிரீமியரும் ரிசால்வும் தாமே எழுதித் தருகின்றன. ஃபைனல் கட்டிலிருந்து அனுப்ப எக்ஸ்2புரோ போன்ற வேறொரு செயலியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதோடு, கணினி என்றால் ஃபைனல் கட் மேக்கில் மட்டுமே ஓடும். பிரீமியருக்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும்.

கச்சேரி என்றால் நான் ரிசால்வில்தான் உட்காருகிறேன். இரண்டு காலர் மைக் வைத்த நீண்ட பேட்டி என்றால் ஃபைனல் கட்டின் வேகத்துக்கு ஈடில்லை. ஒலிக்கூடத்துக்காரர் தனக்குப் பழகிய பிரீமியர் கோப்பைத்தான் கேட்கிறார் என்றால் பிரீமியரைத் திறக்கிறேன். திறந்ததும், ஒரு வெட்டு வைப்பதற்கு முன், ஆறாவது சேனலைத் தனியாகப் போட்டுத் தொப்பி கேட்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.