முட்டி மாற்று ஆபரேஷனுக்குப் பின் கசிவா? மாத்திரையை மாற்றி மாற்றித் தருகிறார்களா? உஷார்

பெங்களூரு அல்சூரில் இருக்கும் 67 வயது அம்மா ஒருவருக்கு நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வலது முட்டி மாற்று ஆபரேஷன் நடந்தது. தையல் பிரித்த பிறகும் காயத்தின் கீழ் நுனியில் கசிவு நிற்கவில்லை. "சுகர் இருக்கு இல்ல, மேல்தோல்தான், ஆறிடும்" என்று சொல்லியே ஐந்து மாதம் ஓட்டியிருக்கிறார்கள். ஆன்டிபயாட்டிக் மட்டும் மாறிக்கொண்டே வந்தது: செஃபுராக்சிம், அப்புறம் லினசோலிட், அப்புறம் ஃபாரோபெனம். முட்டிக்குள் ஊசி போட்டு நீர் எடுத்து ஒரு தடவைகூட கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பவில்லை. இப்போது வைத்த செயற்கை மூட்டையே கழற்ற வேண்டிய நிலை.

ஃபைலைப் புரட்டியதும் கண்ணில் பட்டது சிஆர்பி ரிப்போர்ட், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தச் சோதனை. அளவு 4.8. பக்கத்திலேயே பேனாவால் "நார்மல்" என்று எழுதியிருக்கிறது. அந்த லேப் கொடுத்த அலகு டெசிலிட்டருக்கு மில்லிகிராம். லிட்டருக்கு மாற்றினால் 48. நாள்பட்ட தொற்றா என்று பார்க்கும்போது லிட்டருக்கு 10-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். ஆபரேஷன் முடிந்த இரண்டு மூன்று நாளில் சிஆர்பி எகிறுவது சகஜம். பிறகு சில வாரங்களில் இறங்கிவிடும். இறங்காமல் நின்றாலோ, இறங்கி மறுபடி ஏறினாலோதான் வில்லங்கம். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எண்ணோடு அலகையும் பாருங்கள்.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், கிருமி உலோகத்தின் மேல் பயோஃபில்ம் என்ற வழவழப்பான படலம் கட்டிக்கொள்கிறது, குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிப்பதுபோல. அது முற்றிவிட்டால் எந்த மாத்திரையும் உள்ளே போய்க் கொல்லாது. மாத்திரை சாப்பிடும்வரை கசிவு குறையும், நிறுத்தினால் திரும்ப வரும். "குறைஞ்சிருக்கே" என்று டாக்டர் சொல்வது அந்த இடைவெளியைத்தான். ஆபரேஷன் ஆன ஒரு மாதத்துக்குள், அல்லது அறிகுறி தொடங்கி மூன்று வாரத்துக்குள் பிடித்தால், மூட்டைக் கழற்றாமலே முட்டியைத் திறந்து சுத்தம் செய்து, நடுவில் உள்ள பிளாஸ்டிக் லைனரை மட்டும் மாற்றிக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அந்த அம்மாவுக்கு மாத்திரையிலேயே கைநழுவிப்போனது இந்த வாய்ப்புதான்.

இதிலும் ஏமாற்று உண்டு. துளை போட்டுக் கழுவிவிட்டு "வாஷ் பண்ணியாச்சு" என்பார்கள். லைனரை எடுக்காமல் முட்டியின் பின்பக்கம் முழுவதையும் சுத்தம் செய்ய முடியாது. லைனர் மாற்றியிருந்தால் அதன் ஸ்டிக்கர் ஆபரேஷன் நோட்ஸில் ஒட்டியிருக்க வேண்டும். பில்லில் லைனர் இருந்து ஸ்டிக்கர் இல்லையென்றால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

ஆபரேஷன் ஆகி ஒரு வாரம் தாண்டியும் கசிவு இருந்தால் வீட்டில் டிரெஸ்ஸிங் மாற்றிக்கொண்டே உட்காராதீர்கள். ஆபரேஷன் தியேட்டர் சுத்தத்தோடு மூட்டு நீரை ஊசியில் எடுக்க வேண்டும். வெள்ளணு எண்ணிக்கை, அதில் நியூட்ரோஃபில் (வெள்ளணுவில் ஒரு வகை) சதவீதம், கல்ச்சர் மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். நாள்பட்ட நிலையில் மைக்ரோலிட்டருக்கு 3,000 வெள்ளணுவும் 80 சதவீத நியூட்ரோஃபிலும் தாண்டினால் தொற்றுக்கு வலுவான அடையாளம். ஆபரேஷனுக்குப் பின் முதல் ஆறு வாரத்துக்குள் வரம்பு கூடுதல், 10,000-மும் 90 சதவீதமும். தோலில் ஓட்டை விழுந்து மூட்டுவரை போகிறதென்றால் இந்தக் கணக்கே தேவையில்லை, அதுவே தொற்று. அந்த ஓட்டையில் பஞ்சுக்குச்சி வைத்து எடுக்கும் ஸ்வாப் கல்ச்சரை நம்பாதீர்கள். தோலின் கிருமிதான் வளரும்.

காய்ச்சல், நடுக்கம் என்று அவசரம் இல்லாவிட்டால் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திக் குறைந்தது இரண்டு வாரம் கழித்து நீர் எடுப்பது நல்லது. மாத்திரை ஓடும்போது எடுத்தால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் "இன்ஃபெக்ஷன் இல்லை" என்று கைகழுவிவிடுவார்கள். நிறுத்துவதும் டாக்டரைக் கேட்டுத்தான். லேபில் கல்ச்சரை 14 நாள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெதுவாக வளரும் கிருமிகள் ஐந்து நாளில் தெரியாது. நம் ஊரில் டிபி கல்ச்சரையும் சேர்த்துக் கேட்பது வீண் செலவல்ல.

முற்றிய தொற்றுக்கு வழக்கமான வழி இரண்டு கட்ட ஆபரேஷன். முதலில் இம்பிளான்ட், பழைய சிமென்ட், கெட்ட சதை எல்லாம் வெளியே. திறக்கும்போது ஐந்து இடத்திலிருந்தாவது திசு மாதிரி, தனித்தனி டப்பாவில், போக வேண்டும். ஒரே ஒரு மாதிரியை மட்டும் அனுப்பி அதில் ஒரு கிருமி வளர்ந்தால் அது நிஜமா, கலப்படமா என்று சொல்ல முடியாது. இரண்டு மாதிரியில் ஒரே கிருமி வந்தால்தான் உறுதி. பிறகு மூட்டு இருந்த இடத்தில் தற்காலிகமாக ஆன்டிபயாட்டிக் கலந்த சிமென்ட் ஸ்பேசர். கடையில் வரும் 40 கிராம் ஜென்டாமைசின் சிமென்ட் பாக்கெட்டில் இருப்பது தடுப்புக்கான சிறு அளவு. சிகிச்சைக்கு ஒவ்வொரு பாக்கெட்டிலும் 2 முதல் 4 கிராம் வான்கோமைசின் போல கூடுதலாகக் கலக்க வேண்டியிருக்கும். கிரியாட்டினின் கூடியிருக்கிறவர்களுக்கு அந்த அளவைச் சிறுநீரகம் பார்த்து முடிவு செய்வார்கள். எவ்வளவு கலந்தார்கள் என்று நோட்ஸில் எழுதியிருக்க வேண்டும். அதன் பின் சுமார் ஆறு வாரம் ஆன்டிபயாட்டிக், எல்லாம் அடங்கியபின் புது மூட்டு.

வளர்ந்த கிருமி ஸ்டஃபைலோகாக்கஸ் என்றால், லைனர் மட்டும் மாற்றியவர்களுக்கு ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாட்டிக்கையும் சேர்ப்பதுண்டு. தனியாகக் கொடுக்கக் கூடாது, சில நாளில் கிருமி பழகிவிடும். சிறுநீர் ஆரஞ்சாகப் போவதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ரத்தம் இளக்கும் மாத்திரை, சில சுகர் மாத்திரைகளின் வேகத்தை அது குறைத்துவிடும். இதை ஓபிடியில் யாரும் சொல்வதில்லை.

செலவுக்கு வருவோம். 2017 ஆகஸ்டில் முழங்கால் இம்பிளான்ட்டுகளுக்கு உச்சவிலை வைத்தார்கள்: சாதாரண கோபால்ட் குரோமியத்துக்கு 54,720 ரூபாய், ரிவிஷனுக்கு (வைத்த மூட்டைக் கழற்றி மறுபடி வைப்பது) 1,13,950, ஜிஎஸ்டி தனி. பின்னர் திருத்தங்கள் வந்தன, எனவே என்பிபிஏ (மத்திய அரசின் மருந்து விலை ஆணையம்) இணையதளத்தில் இன்றைய விலையைப் பார்த்துவிட்டு பில்லோடு ஒப்பிடுங்கள். ரிவிஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் ஜெயநகர் சஞ்சய் காந்தி எலும்பு ஆஸ்பத்திரி போன்ற அரசு இடத்தில் ஃபைலைக் காட்டுங்கள்.

ஃபைலே கொடுக்கவில்லையா? எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தரவேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. கடிதத்தில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் நோட்ஸ், ஸ்டிக்கர், லேப் ரிப்போர்ட், நர்ஸ் சார்ட் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். டாக்டர் மீது கர்நாடக மெடிக்கல் கவுன்சிலிலும், ஆஸ்பத்திரி மீது 2007 தனியார் மருத்துவ நிறுவனச் சட்டத்தின்படி மாவட்ட அதிகாரியிடமும் புகார் தரலாம். பணம் திரும்பக் கேட்க நுகர்வோர் ஆணையம். அங்கே கெடு இரண்டு வருஷம்.