பி.பி.க்கு எந்தத் தாது: கேப்ஸ்யூலா, மெக்னீசியம் மாத்திரையா, பொட்டாசியம் உப்பா?

பி.பி. மாத்திரையோடு கூடவே ஏதாவது தாதுச்சத்து சேர்த்தால் நல்லது என்று யாராவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் மூன்று வழிகள் தேறும். ரத்தத்தில் துத்தநாகம், செம்பு, செலினியம் எவ்வளவு என்று லேபில் பார்த்துவிட்டுக் குறைவதற்குக் கேப்ஸ்யூல் போடுவது ஒன்று. மெக்னீசியம் மாத்திரை இன்னொன்று. சமையல் உப்பையே பொட்டாசியம் கலந்த உப்பாக மாற்றிவிடுவது மூன்றாவது. என் மாமியாருக்காக இந்த மூன்றையும் அலசிவிட்டு மூன்றாவதை எடுத்தோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்ததுதான். மூன்றில் எதுவும் டாக்டர் எழுதிய மாத்திரைக்குப் பதில் ஆகாது.

இந்துப்பைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. நிறம் எப்படி இருந்தாலும் அதில் 97, 98 சதவீதம் சாதா உப்பில் இருக்கும் அதே சோடியம் குளோரைடுதான். மிச்சத்தில் எத்தனை தாது இருந்தாலும், ஒரு நாளைக்குப் போடும் சில கிராமில் உடம்புக்கு வந்து சேருவது ஒன்றுமில்லை. பெரும்பாலும் அயோடினும் இருக்காது.

முதலில் நுண்தாதுக்கள். லேபில் பெரிய பேக்கேஜாக விற்கிறார்கள், அறிக்கையும் வண்ண வண்ணமாக வரும். பி.பி. இருப்பவர்களின் ரத்தத்தில் துத்தநாகம் குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, அதிகம் என்று வேறு சில சொல்கின்றன. செம்பு சில ஆய்வுகளில் கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் உடம்பில் எங்காவது அழற்சி இருந்தாலே ரத்தத்தில் செம்பு ஏறும், துத்தநாகம் இறங்கும். துத்தநாக அளவு காலைக்கும் மாலைக்கும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் மாறும். பி.பி.க்குக் கொடுக்கும் தயாசைடு வகை மாத்திரைகளே துத்தநாகத்தைச் சிறுநீரில் கூடுதலாக வெளியேற்றும். அப்படியிருக்க, அந்த எண் பி.பி.க்குக் காரணமா, விளைவா, மாத்திரையின் வேலையா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அதை நம்பி நீண்ட நாள் துத்தநாகம் அதிகமாக விழுங்கினால் செம்பு குறைந்து ரத்தசோகை வரலாம். செலினியத்துக்குப் பெரியவர்களுக்கான உச்ச வரம்பே ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம்தான். தாண்டினால் முடி கொட்டும், நகம் உடையும்.

ரத்தத்தில் தேடிப் பார்க்க வேண்டிய உலோகம் ஒன்று உண்டென்றால் அது ஈயம். உடம்புக்கு வேண்டாத அது பி.பி.யை ஏற்றும் என்பது உறுதியான விஷயம். பழைய பேட்டரி உடைப்பது, பெயின்ட் சுரண்டுவது போன்ற வேலையில் இருப்பவர்கள் இதை டாக்டரிடம் கேட்கலாம். எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை.

மெக்னீசியத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. 2016-ல் 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தினமும் சுமார் 368 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 2 பாயின்ட் இறங்கியிருந்தது. சின்ன எண்தான், ஆனால் இருக்கிறது. மெக்னீசியம் உண்மையிலேயே குறைவாக இருப்பவர்களுக்குப் பலன் கூடுதலாக இருக்கலாம்: வருடக்கணக்கில் அசிடிட்டி மாத்திரை போடுபவர்கள், தயாசைடு எடுப்பவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள். இங்கேயும் ரத்தப் பரிசோதனை முழுக் கதையைச் சொல்லாது. உடம்பில் உள்ள மெக்னீசியத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் ரத்தத்தில் ஓடுகிறது, மற்றதெல்லாம் எலும்பிலும் செல்களுக்குள்ளும். அறிக்கை நார்மல் என்று வந்தாலும் உள்ளே குறைந்திருக்கலாம்.

எங்களுக்கு ஒத்துவராமல் போனது நடைமுறையில்தான். அத்தை காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறார். அதற்கும் மெக்னீசியத்துக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஏற்கெனவே இருக்கும் மாத்திரை டப்பாவில் இன்னொரு நேரம், இன்னொரு ஞாபகம். விலை மலிவான ஆக்சைடு வகை சரியாக உறிஞ்சப்படாது, வயிற்றையும் இளக்கும். சிட்ரேட், கிளைசினேட் வகைகளுக்கு விலை ஏறும். கேழ்வரகு, கீரை, வேர்க்கடலை, பருப்பு என்று சாப்பாட்டிலேயே மெக்னீசியத்தைக் கூட்டுவது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. மாத்திரை போட்டால் தூக்கம் நன்றாக வருகிறது, கெண்டைக்கால் இழுப்பதில்லை என்று சொல்பவர்கள் உண்டு. நாங்கள் போட்டுப் பார்க்காததால் அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இனி உப்பு. சாதா உப்பில் கால்வாசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்தது இது. இந்தியாவில் ஒருவர் ஒரு நாளைக்குச் சுமார் 8 கிராம் உப்பு சாப்பிடுகிறார். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். அதே 8 கிராமை இந்த உப்பாகப் போட்டால் சோடியம் கால்வாசி குறைகிறது, பொட்டாசியம் ஒரு கிராமுக்குச் சற்று அதிகமாக உள்ளே போகிறது. பொட்டாசியம் கூடும்போது சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்காமல் வெளியே விடும். ஒரே கரண்டியில் இரண்டு வேலை.

சான்றும் இதற்குத்தான் பலமாக இருக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை ஏறக்குறைய ஐந்து வருடம் கவனித்தார்கள். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைக் கடந்து பி.பி. உள்ளவர்கள். 2021-ல் வந்த முடிவு: மேல் அழுத்தம் 3 பாயின்ட்டுக்குச் சற்று மேல் இறங்கியது, பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது, இறப்பும் 12 சதவீதம் குறைந்தது. பி.பி. எண் இறங்கியதைவிட பக்கவாதம் குறைந்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது, மெக்னீசியத்துக்கு இப்படிப்பட்ட கணக்கு இல்லை. தெலங்கானா கிராமங்களில் பி.பி. உள்ள சுமார் 500 பேரிடம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்ததிலும் நாலரைப் பாயின்ட் அளவுக்கு இறங்கியிருக்கிறது. அந்த ஊர்களில் உப்பு உடம்புக்குள் போவது பெரும்பாலும் வீட்டுச் சமையலில், நம் வீடுகளைப் போலவே. தினமும் ஓட்டலிலும் பாக்கெட் தீனியிலும் ஓட்டுபவருக்கு இந்த உப்பால் பெரிய மாற்றம் வராது.

இதில் யாரும் எதையும் ஞாபகம் வைக்க வேண்டியதில்லை, டப்பாவில் உப்பு மாறினால் போதும். ஆனால் சிக்கலும் அதே டப்பாவில்தான் இருக்கிறது. மாத்திரை ஒருவருக்கு, உப்பு அந்தச் சமையலைச் சாப்பிடும் எல்லோருக்கும். அத்தைக்கு நல்லது என்று மாற்றினால், அதே குழம்பைச் சாப்பிடும் இன்னொருவருக்கு அது ஆபத்தாகலாம்.

சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். இளநீர் வேண்டாம் என்று அவர்களிடம் டாக்டர் சொல்வது இதனால்தான். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பி.பி. மாத்திரைகளும் ஸ்பைரனோலாக்டோனும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை, அம்லோடிபின் அப்படியில்லை. பொட்டாசியம் ஏறுவது வெளியே தெரியாது, இதயத் துடிப்பு தடுமாறும் வரை ஆள் நன்றாகவே இருப்பார். சீன ஆய்வில் பெரிய பாதிப்பு தெரியவில்லையே என்றால், சிறுநீரக நோய் இருப்பது தெரிந்தவர்களை அவர்கள் முதலிலேயே சேர்த்துக்கொள்ளவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும் பெரியவர்களுக்கு மட்டும் என்றுதான் சொன்னது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் அதில் அடங்க மாட்டார்கள்.

அதனால் லேபுக்குக் கொடுக்கும் பணத்தைத் துத்தநாகத்துக்குக் கொடுக்காமல், வீட்டில் சாப்பிடும் பெரியவர்கள் எல்லோருக்கும் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), பொட்டாசியம் இரண்டும் பார்க்கக் கொடுத்தோம். பொட்டாசியம் சாதாரணமாக 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். அறிக்கைகளையும் யார் யார் என்ன மாத்திரை போடுகிறார்கள் என்ற பட்டியலையும் டாக்டரிடம் காட்டிக் கேட்டோம். அத்தைக்கு அம்லோடிபின் மட்டும்தான், பிரச்சினை இல்லை. அவருடைய அண்ணன் வருடத்தில் சில மாதம் எங்களோடு இருப்பார்: சர்க்கரை, டெல்மிசார்டன், கிரியேட்டினின் அளவும் கொஞ்சம் அதிகம். அவருக்குக் கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் வந்தால் அந்த டப்பா பரணுக்குப் போய்விடும். எல்லோருக்கும் சாதா உப்பு, அளவைக் குறைத்து. ஒரே சமையலறையில் இரண்டு உப்பு வைத்துக்கொண்டு எதற்கு எது என்று தடுமாற எனக்குத் தைரியமில்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டிலும் இதே கேள்வி வரும், அங்கே குழந்தை மருத்துவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம் என்பேன்.

ருசி? சாம்பார், பொரியலில் வித்தியாசமே தெரியவில்லை. மோரிலும் ரசத்திலும் லேசான கசப்பு ஒன்று நாக்கின் ஓரத்தில் நிற்கிறது. அத்தை முதலில் முகம் சுளித்தார், இப்போது கேட்பதில்லை. ஊறுகாய்க்கும் வடாமுக்கும் நான் இதைப் போட்டதில்லை. சாதா உப்பைவிட விலை அதிகம்தான், ஆனாலும் மெக்னீசியம் பாட்டிலோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

பி.பி. இறங்கியதா என்றால், இறங்கியது. ஆனால் அதே சமயத்தில் டாக்டர் மாத்திரையின் அளவையும் கூட்டியிருந்தார், அப்பளத்தையும் குறைத்திருந்தோம். எது எவ்வளவு இறக்கியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். சோடியம் குறைவு என்று முன்னால் பெரிதாகப் போட்டிருந்தாலும் சிலவற்றில் குறைப்பு 15 சதவீதம்தான், சிலவற்றில் 30 வரை போகிறது. பொட்டாசியம் குளோரைடு எத்தனை சதவீதம், அயோடின் உண்டா என்று பார்த்து எடுங்கள். சோடியம் குறைவுதானே என்று அரைக் கரண்டி கூடப் போட்டால் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும்.