இரண்டு நிற லூர்: ஊற்றுவதா, அழுத்துவதா?

வீட்டில் சாஃப்ட் பிளாஸ்டிக் லூர், அதாவது தூண்டில் முள்ளில் மாட்டும் நெகிழ்வான போலி இரை, செய்யத் தொடங்கியவர்கள் ஒற்றை நிறத்தோடு அதிக நாள் நிற்பதில்லை. கரும்பச்சை முதுகும் வெள்ளை வயிறுமாக ஒரு மீன்குஞ்சைப் பார்த்தாலே கை பரபரக்கும். கட்சி பிரிவதும் அங்கேதான். திறந்த அச்சில் ஒவ்வொரு நிறமாகக் கையால் ஊற்றுகிறவர்கள் ஒரு பக்கம். ஊசிக்குழல் போன்ற இரண்டு இன்ஜெக்டர்களை ஒன்றாகப் பூட்டி, மூடிய அச்சுக்குள் ஒரே அழுத்தில் இரண்டு நிறத்தையும் செலுத்துகிறவர்கள் இன்னொரு பக்கம். ஒற்றை நிறத்தில் செய்துவிட்டு வாலை மட்டும் சாயத்தில் முக்கியெடுக்கும் மூன்றாவது கூட்டமும் உண்டு. மற்ற இருவரும் இவர்களை மதிப்பதில்லை. எனக்கு இவர்கள்மேல் கொஞ்சம் மரியாதை அதிகம். காரணம் பிறகு வருகிறது.

மூலப்பொருள் எல்லாருக்கும் ஒன்றுதான், பிளாஸ்டிசால். பிவிசி தூளை, அதை நெகிழவைக்கும் பிளாஸ்டிசைசர் எண்ணெயில் கலந்த வெள்ளைத் திரவம் அது. ஏறத்தாழ 177 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெண்மை போய்த் தெளிந்துவிடும். ஆறியதும் நெகிழ்ந்து வளையும் உருவமாக இறுகும். 200 டிகிரியைத் தாண்டவிட்டால் மஞ்சளாகிக் கருகும், ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் கிளம்பும். எந்த முறை உயர்ந்தது என்று விவாதிப்பவர்கள் நிறத்தைப் பற்றியே பேசுகிறார்கள். இரு நிற வேலையில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது சூடு. இரண்டு குவளையும் ஒரே நேரத்தில் ஒரே பதத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முழுச் சிக்கலும்.

முதலில் ஊற்றுமுறை. திறந்த அச்சின் குழிக்குள் இருப்பது லூரின் உருண்ட முதுகு. மேலே வெளியே தெரிவது தட்டையான வயிறு. முதுகு நிறத்தைப் பாதிக் குழிவரை ஊற்றி, அது ஓடாத அளவுக்கு இறுகியதும் வயிற்று நிறத்தை ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் இரண்டும் கலந்து கோடு கலைந்துவிடும். தாமதித்தாலோ, இரண்டாவது குவளை ஆறியிருந்தாலோ, பார்வைக்கு ஒட்டியதுபோல் இருக்கும். முள்ளில் மாட்டி நாலு வீச்சு வீசியதும் முதுகு வேறு வயிறு வேறாக உரிந்து வரும். மேலே விழுகிற பிளாஸ்டிசால் கீழே இருப்பதன் மேற்பரப்பைக் கொஞ்சமாவது உருக்கினால்தான் இரண்டும் ஓர் உடம்பாகும்.

இந்த முறையின் அழகு நுணுக்கத்தில் இருக்கிறது. இரண்டு அடுக்குக்கும் நடுவே மெல்லிய தாரையாக மூன்றாவது நிறத்தை இழுத்துவிடலாம். மினுங்கும் கிளிட்டர் தூளை வயிற்றில் மட்டும் போடலாம். தலையில் ஒரு சொட்டு ஆரஞ்சு வைக்கலாம். கிளிட்டரைத் தவிர மற்றதையெல்லாம் இரட்டை இன்ஜெக்டரால் தொடவே முடியாது. இதற்குப் பேர்போன இடம் கலிஃபோர்னியா. தெளிந்த ஏரிகளில் மெல்லிய புழு லூர்களை வைத்து பாஸ் மீன் பிடிக்கும் ஊர் அது. அங்கே ரோபோவார்ம் என்ற நிறுவனம் இந்த ஊற்றும் வேலையை இயந்திரக் கைகளிடம் ஒப்படைத்திருக்கிறது. ஊற்றுமுறை காசில்லாதவர்களின் குறுக்குவழி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆரம்பச் செலவு குறைவு என்பதும் உண்மைதான். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நாமே அச்சு செய்துவிடலாம். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். நன்றாகக் காயவைத்து, தண்ணீர் விட்டு நீர்க்கவைத்த வெள்ளைப் பசையோ எபாக்சியோ பூசி மூடாவிட்டால் லூர் முழுக்கக் குமிழி விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளாஸ்டர் அச்சைக் கையில் எடுக்காமல் இருப்பதே நல்லது. ஈரத்தின்மேல் இந்தச் சூட்டில் பிளாஸ்டிசால் விழுந்தால் நீராவி அதை முகத்தில் தெறிக்கவிடும்.

ஊற்றுமுறையின் பெரிய பலவீனம், குழியை நிரப்புவது புவியீர்ப்பு மட்டுமே என்பது. துடுப்பு போன்ற வால் கொண்ட பேடில் டெயில் லூரில், வாலுக்கு முன்னுள்ள மெல்லிய கழுத்துக்குள் பிளாஸ்டிசால் தானாக இறங்காது, காற்று அடைத்துக்கொள்ளும். முட்டுக்காட்டில் கொடுவாவுக்கு வீசுகிற நமக்கு வாலாட்டம்தான் முக்கியம். தட்டை வயிறும் அரைகுறை வாலும் கொண்ட லூர் எவ்வளவு அழகான நிறத்தில் இருந்தால் என்ன?

இன்ஜெக்டர் கட்சியின் பலம் இங்கேதான். இரண்டு குழல்களிலிருந்து வரும் நிறங்கள், அவற்றை இணைக்கும் பிளெண்டிங் பிளாக் என்ற கட்டையின் வாய்வரை தனித்தனி வழியில் வந்து, அச்சுக்குள் நுழையும் இடத்தில்தான் அருகருகே சேரும். கெட்டியான திரவம் என்பதால் கலங்காமல் அடுக்காகவே ஓடி, தலையிலிருந்து வால் நுனிவரை கோடு போட்டுக்கொண்டு போகும். உடம்பு நாலாபக்கமும் உருண்டிருக்கும், வால் முழுதாக நிரம்பும். பிளாக்கை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். கால்வட்டம் மாறினால் முதுகு, வயிறு என்று பிரிய வேண்டிய நிறம் இடம், வலம் என்று பிரிந்திருக்கும்.

ஆனால் இந்த முறை சூட்டில் துளியும் தளர்வு தராது. மைக்ரோவேவில் ஒரு குவளை சூடாகும்போது மற்றது ஆறிக்கொண்டிருக்கும். மேலே, காய்ச்சிய பாலில் படிவது போல, ஓர் ஆடை படியும். அதையும் சேர்த்து உறிஞ்சினால் குழலின் வாயில் கட்டி அடைக்கும். ஒரு நிறம் சூடாகவும் மற்றது ஆறியும் இருந்தால், சூடானது இளகி வேகமாக ஓடும், கோடு ஒரு பக்கமாகச் சாயும். இரண்டு தண்டையும் ஒரே தட்டால் இணைத்து அழுத்தினாலும் இதைத் தடுக்க முடியாது. முதல் குவளையை எடுத்துக் கலக்கி வைத்துவிட்டு, இரண்டாவது தயாரானதும் முதலாவதை மறுபடி சில நொடி உள்ளே வைத்து எடுப்பதுதான் வழி. இன்ஃப்ராரெட் வெப்பமானி மேற்பரப்பை மட்டுமே அளக்கும், எனவே கலக்கிய பிறகு அளக்க வேண்டும். அச்சு நிரம்பியதும் கையை எடுக்கக் கூடாது. ஆறும்போது பிளாஸ்டிசால் சுருங்கும், அழுத்தம் இல்லாவிட்டால் தலையில் பள்ளம் விழும்.

அச்சின் வாயில் மிஞ்சும் கட்டித் துண்டுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவற்றில் இரண்டு நிறமும் ஒட்டியிருப்பதால் மறுபடி உருக்கினால் அழுக்குப் பழுப்புதான் கிடைக்கும். ஊற்றுமுறையில் இந்த மிச்சம் குறைவு. இன்ஜெக்டர் வைத்திருப்பவர் ஒரு மாலையில் ஒரு டப்பா நிறையச் சேர்த்துவிடுவார். அதில் கறுப்பு நிறமி போட்டு விராலுக்குக் கறுப்பு லூர் செய்துகொள்ளலாம்.

மூன்றாவது கூட்டத்துக்கு வருவோம். பளீரென்ற மஞ்சள்பச்சைச் சாயத்தில் வாலை முக்கினால் சில நொடியில் ஏறிவிடும். விரலிலும் ஏறும், எளிதில் போகாது. முதுகு, வயிறு பிரிக்க இது உதவாது. ஆனால் நிறத்தைக் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்த பிறகு முடிவு செய்யும் வசதி மற்ற இரண்டு முறைக்கும் இல்லை. கலங்கல் நீரில் முதுகுக்கும் வயிற்றுக்கும் இடையே இருக்கும் கோடு மீனுக்கு எவ்வளவு தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அங்கே பளிச்சிடும் வால் போதும்.

எந்த முறையானாலும் சில பொது விதிகள் மாறாது. சமையலுக்கான மைக்ரோவேவில் பிளாஸ்டிசாலை வைக்கக் கூடாது. துணி மாஸ்க் இந்த வாயுவைத் தடுக்காது. அமில வாயுவுக்கும் கரிம ஆவிக்கும் உரிய வடிகட்டி பொருத்திய முகமூடியும் கண்ணாடியும் வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்து மின்விசிறியால் வெளிக்காற்றுக்குத் தள்ள வேண்டும். அடுக்குமாடியின் மூடிய அடுப்பங்கரையில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

என் தேர்வு இது: கொடுவாவுக்கான பேடில் டெயில் என்றால் இரட்டை இன்ஜெக்டர், ஒற்றை நிறத்தில் கை பழகிய பிறகு. வால் ஆடத் தேவையில்லாத புழு லூர் என்றால் ஊற்றுமுறை, அதற்கு இன்ஜெக்டர் வாங்குவது வீண்செலவு. மாதம் இரண்டு முறை மட்டும் தூண்டிலோடு போகிறவருக்கு ஒற்றை நிற லூரும் ஒரு சாயப் புட்டியும் போதும்.

இரு நிற லூர் செய்பவர்கள் அடர்ந்த நிறத்துக்குச் சாயத்தை விட நிறமியைப் பயன்படுத்துவது நல்லது. சாயம் பிளாஸ்டிசைசரோடு சேர்ந்து நகரும். சிவப்புச் சாய முதுகு, வெள்ளை வயிறு என்று செய்து பெட்டியில் வைத்தால், சில வாரங்களில் வயிறு இளஞ்சிவப்பாகிவிடும். பக்கத்தில் கிடக்கும் லூரையும் அது விட்டுவைக்காது, அதனால் நிறவாரியாகத் தனித்தனி ஜிப் பைகளில் வையுங்கள்.